கெட்ட செய்தி மேலே ஏறும் வழி

(சென்னையில் குழுத் தலைவர்கள், மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

அம்பத்தூர்த் தொழிற்சாலைகளிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்தவர்களும், மென்பொருள் நிறுவனங்களிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் நீந்தி வந்தவர்களும் ஒரே அரங்கில் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றை மட்டும் பேசுகிறேன். ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அறிய, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் வாசகங்களைப் படித்துப் பயனில்லை. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்று பாருங்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். தங்கள் வேலை பச்சையா (சரியாகப் போகிறது), மஞ்சளா (தடுமாறுகிறது), சிவப்பா (சிக்கலில் இருக்கிறது) என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒரு பெண் "சிவப்பு" என்கிறார். மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். "போன வாரம் பச்சை என்றீர்களே அம்மா?" அவ்வளவுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அடுத்துப் பேச இருந்தவர்களின் மஞ்சளெல்லாம் அந்த நொடியே பச்சையாகிவிடுகிறது. மென்பொருள்காரர்கள் இதைத் தர்பூசணி அறிக்கை என்று கேலி செய்வார்கள்: மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு. பெரும்பாலும் வாடிக்கையாளர்தான் வெட்டுகிறார்.

பட்டறையில் இது இரவு ஷிப்டில் நடக்கும். இயந்திரத்தின் வெட்டும் டூல் தேய்ந்து, பாகத்தின் அளவு மெல்ல விலகுவது ஆபரேட்டருக்குத் தெரிகிறது. இயந்திரத்தை நிறுத்தினால் உற்பத்திக் கணக்கு குறையும். காலையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தாவிட்டால் பழுதான பாகம் பெட்டியோடு பெட்டியாகப் போய்விடும். அவருக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவதற்கு முன், நிறுத்தியவருக்குத் தண்டனையும் நிறுத்தாதவருக்குப் பாராட்டும் தருகிற கணக்கை யார் போட்டது என்று கேளுங்கள்.

எட்வர்ட்ஸ் டெமிங் மேலாளர்களுக்கு வகுத்த 14 கோட்பாடுகளில் எட்டாவது, அச்சத்தை விரட்டுங்கள் என்பது. அவர் புள்ளியியல் அறிஞர். பயந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் எண்களை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாதல்லவா? அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் தர மேலாண்மை விருதை 1998-இல் நம் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. ஆகவே இதெல்லாம் நம் ஊருக்குச் சரிவராது என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஏமி எட்மண்ட்சன் என்ற மேலாண்மை ஆய்வாளர் ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் மறைக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் குழுவிலிருந்து மாதக்கணக்கில் ஒரு சிக்கலும் வரவில்லையென்றால், தயவுசெய்து இனிப்பு வழங்காதீர்கள்.

உள்ளே சொல்ல இடமில்லாத செய்தி வெளியே போகும். சென்னையில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளர்கள், சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்ற குறையைச் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகிய வெளியாட்களிடம்தான் கொட்டினார்கள். அதிலிருந்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். சங்கம் பிறந்தது நல்லதே. சோற்று நேரத்தைப் பற்றிப் பேச ஆலைக்குள் ஒரு காதுகூட இல்லாமற்போனதுதான் வியப்பு. நூறாண்டு கழித்தும் பெரிதாக மாறிவிடவில்லை. கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கால் வலிப்பது தளப் பொறுப்பாளர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று பெருமையாகச் சொல்லும் மேலாளர்கள் உண்டு. அந்த வாசலைத் தாண்டுவதற்குள் இளைஞன் ஒருவனுக்கு நா வறண்டுவிடும். நீங்கள் எழுந்து அவன் இருக்கைக்குப் போங்கள். செய்தி வந்ததும் "யார் செய்தது?" என்பதை விழுங்கிவிட்டு, "இப்போது என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். விசாரணை நாளைக்கு இருக்கட்டும். இதற்காகத் திருட்டையும் பாலியல் சீண்டலையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது, தயங்காமல் நடத்துங்கள்.

இனி உங்கள் கேள்விகள். மேலாளர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாரே என்று தயங்குகிறவர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். பெயர் எழுத வேண்டாம்.