கண்மாய்க்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சித் தேர்தலில் வேட்பாளரை எதை வைத்து எடைபோடுவது, சாலையும் குடிநீரும் தெருவிளக்குமா, இல்லை ஊரின் நீர்நிலையும் காடும் உயிரினங்களுமா என்பது தலைப்பு. முன்னால் பேசிய தோழர், "குழாயில் தண்ணீர் வராத ஊரில் தேவாங்கைப் பற்றிப் பேசி ஓட்டுக் கேட்கலாமா?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். சரி, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் கொடுக்கிற மேல்நிலைத் தொட்டிக்கு எங்கிருந்து ஏற்றுகிறோம்? பெரும்பாலான ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். கண்மாய் நிறைந்தால்தான் அது ஊறும், வரத்துக் கால்வாய் அடைபடாமல் இருந்தால்தான் கண்மாய் நிறையும். குழாய் வேண்டும் என்கிறவர் முதலில் கேட்க வேண்டியதே கண்மாயைப் பற்றித்தான்.

எல்லா வேட்பாளரும்தான் பசுமை பேசுகிறார்கள், எப்படி ஒப்பிடுவது என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு நோட்டீஸ் வருகிறது என்று வையுங்கள். ஒன்றில் "பசுமைக் கிராமம் அமைப்பேன், பத்தாயிரம் மரக்கன்று நடுவேன்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "வரத்துக் கால்வாயைச் சர்வேயர் வைத்து அளந்து கல் ஊன்றுவேன், உள்ளே மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பேன், வரவு செலவைக் கிராம சபையில் வாசிப்பேன்" என்று இருக்கிறது. இரண்டாமவரை அடுத்த வருடம் கல் எங்கே என்று நேருக்கு நேர் கேட்கலாம். முதலாமவரிடம் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அப்புறம், கண்மாயைத் தூர்வாருவேன் என்று சொல்கிறவருக்கு அது யார் பொறுப்பில் இருக்கிறது என்றாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அரசின் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எந்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும் என்றே தெரியாதவரின் வாக்குறுதியை நம்பி எப்படி ஓட்டுப் போடுவது?

பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், ஊரில் உள்ள மரம், மூலிகை, மீன், பறவை, நாட்டு விதை எல்லாவற்றையும் மக்களிடம் கேட்டுப் பதிவேடாக எழுத வேண்டும் என்கிறது. நம் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்கிறேன். மேலூருக்குப் பக்கத்தில் ஏழு மலைகள், சுனைகள், லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை, எறும்பு தின்னும் அழுங்கு, தோழர் சொன்ன அதே தேவாங்கு, எல்லாம் இருக்கிற ஊர். 2022 நவம்பரில் அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. உள்ளாட்சியைக் கலந்துதான் அப்படி அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கி டங்ஸ்டன் என்கிற உலோகம் எடுக்கும் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டுமே தடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று காட்டக் கையில் முதலில் இருந்த காகிதம் அதுதான்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்தச் சுரங்கம் வந்திருந்தால், நீங்கள் கேட்கிற சாலையையும் தெருவிளக்கையும் எந்த ஊரில் போட்டிருப்பீர்கள்?