விடுபட்ட டிஎல்எல் கோப்புகள்: மென்பொருளை அடுத்தவர் கணினியில் ஓடவைப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் ஒரு மென்பொருளை டபுள் கிளிக் செய்கிறீர்கள். அது திறப்பதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. "விசிரன்டைம்140_1.டிஎல்எல் என்ற கோப்பு கிடைக்கவில்லை, அதனால் மேற்கொண்டு போக முடியாது, மென்பொருளை மறுபடி நிறுவினால் சரியாகலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. ஓகே பொத்தானை அழுத்தினால் பெட்டி போய்விடும், மென்பொருள் வராது. மறுபடி நிறுவினாலும் அதே பெட்டிதான். ஏன் அப்படி, அதை யார் சரிசெய்ய வேண்டும், எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சிங்கப்பூரில் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது மென்பொருள் எழுதுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், வேலை முடிந்து மாலையில் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின் உதவியோடு நிரல் எழுதக் கற்றவர்கள், சிராங்கூன் சாலையில் மாமாவின் மளிகைக் கடைக்குச் சரக்குக் கணக்கு எழுதித் தரும் தம்பிமார்கள் என்று பலர். பெரிய நிறுவனங்களில் இந்தச் சிக்கலைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் இருப்பார்கள். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஒரு நல்ல தமிழ் மென்பொருள், ஒரே ஒரு கோப்பு கூடவே வராததால் யாருக்கும் பயன்படாமல் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. எழுத்தைத் திரையில் காட்ட, படத்தைத் திறக்க, நினைவகத்தைக் கையாள என்று பல வேலைகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்த லைப்ரரிகளைக் கூப்பிடும். விண்டோஸில் இவை பெரும்பாலும் டிஎல்எல் கோப்புகளாக இருக்கும். எழுதியவரின் கணினியில், நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவை நிறுவும்போதே இவையெல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவர் கேட்டு வாங்கியதில்லை என்பதால் அவை இருப்பதையே கவனித்திருக்க மாட்டார். வீட்டில் சமைப்பவர் கை நீட்டினால் கரண்டி கிடைக்கும். அவரே புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்துக்குச் சமைக்கப் போனால், கொண்டுபோனது மட்டும்தான் அங்கே இருக்கும். இங்கே நடப்பதும் அதுதான்.

உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்துக்காக ஒரு மாணவி தமிழ் வாசிப்புப் பயிற்சி மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தார். தொடக்கநிலை மாணவர்கள் திரையில் வரும் பத்தியை வாய்விட்டுப் படிப்பார்கள், ஆசிரியர் தடுமாறிய சொற்களைக் குறித்துக்கொள்வார். சி பிளஸ் பிளஸ் மொழியில், கியூட் என்ற கருவித்தொகுப்பை வைத்து எழுதியது. நல்ல வேலை. நிலையத்துக் கணினியில் போட்டதும் நான் சொன்ன பெட்டி வந்துவிட்டது.

"அங்கிள், என் லேப்டாப்ல நல்லா ஓடுது" என்றார்.

"ஓடும்மா. உன் லேப்டாப்ல விஷுவல் ஸ்டூடியோ இருக்கு. டீச்சர் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"அப்ப டீச்சரையும் அதை இன்ஸ்டால் பண்ணச் சொல்லணுமா?"

"வேண்டாம். அதுல ஒரு சின்னப் பகுதி மட்டும் போதும்."

அந்தச் சின்னப் பகுதிக்கு விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால், "அது ஏற்கெனவே இருக்கிறதே, பட்டியலில் பெயர் தெரிகிறதே" என்று ஆசிரியர் காட்டினார். உண்மைதான், இருந்தது. ஆனால் அது 2017ஆம் ஆண்டுப் பதிப்பு. விசிரன்டைம்140 என்ற கோப்பு அதில் உண்டு, கடைசியில் அடிக்கோடும் ஒன்றும் சேர்ந்த கோப்பு கிடையாது. 64 பிட் நிரல்களில் பிழைகளைக் கையாளும் முறையை விஷுவல் ஸ்டூடியோ 2019இல் மாற்றியபோதுதான் அந்த இரண்டாவது கோப்பு வந்தது. ஆகவே பெட்டியில் வரும் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஓர் அடிக்கோட்டைத் தவறவிட்டால் நாள் முழுக்க வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

இதில் ஒரு வசதி உண்டு. 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கு பதிப்புகளுக்கும் ஒரே தொகுப்புத்தான். நிரலை உருவாக்கிய கருவியைவிடத் தொகுப்பு பழையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. புதியதைப் போட்டால் முந்தையவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும். 2013க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குத் தனித்தனித் தொகுப்புகள் வேண்டும். அப்புறம் 32 பிட் நிரலுக்கு 32 பிட் தொகுப்பு, 64 பிட் நிரலுக்கு 64 பிட் தொகுப்பு. ஒன்றின் டிஎல்எல் மற்றதன் நிரலோடு கலந்துவிட்டால் கோப்பின் பெயர் எதுவும் வராமல் 0எக்ஸ்சி000007பி என்று ஓர் எண் மட்டும் வரும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 என்பதில் இருப்பவைதான் 32 பிட். பெயரை நம்பிக் கையால் நகலெடுத்து வைப்பவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்தக் கையால் நகலெடுக்கும் பழக்கத்தைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பின் பெயரை இணையத்தில் தேடினால், "இந்த டிஎல்எல்லை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்" என்று வரிசையாகத் தளங்கள் வரும். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அந்தக் கோப்பை யார் வைத்தார்கள், எந்தப் பதிப்பு, உள்ளே வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. டிஎல்எல் என்பது ஓடும் நிரல். அதைக் கூப்பிடும் மென்பொருளுக்கு என்ன அனுமதி உண்டோ அத்தனையும் அதற்கும் கிடைக்கும். பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும் ஒரு கணினியில் ஊர் பேர் தெரியாத கோப்பைக் கொண்டுபோய்ப் போடலாமா? அது நல்ல கோப்பாகவே இருந்தாலும், அதற்கு வேண்டிய அடுத்த கோப்பு இல்லை என்று இன்னொரு பெட்டி வரும். அதற்கும் தேடிப் போக வேண்டியதுதான்.

மாணவியின் கதைக்கு வருகிறேன். புதிய தொகுப்பைப் போட்டதும் முதல் பெட்டி போனது. உடனே இரண்டாவது வந்தது: கியூட் பிளாட்ஃபார்ம் பிளகின் எதையும் தொடங்க முடியவில்லை. பிளகின் என்பது நிரல் ஓடும்போது வந்து சேரும் துணைக் கோப்பு. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் தேவையான கியூட் டிஎல்எல்கள் எல்லாம் மென்பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, எதுவும் குறைந்த மாதிரி தெரியாது. குறைவது, திரையோடு பேசும் கியூவிண்டோஸ்.டிஎல்எல். அது மென்பொருளின் பக்கத்தில் நேராக இருக்கக் கூடாது. பிளாட்ஃபார்ம்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை செய்து அதற்குள் இருக்க வேண்டும். டம்ப்பின் மாதிரிக் கருவியில் நிரல் எந்தெந்தக் கோப்பைக் கேட்கிறது என்று பட்டியல் எடுத்தாலும் இந்தப் பெயர் வராது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கியூட் அதைத் தேடிப் பிடிக்கும்.

பெட்டியே வராமல் போவது இன்னும் மோசம். ஜேபெக் படங்களைத் திறக்கும் பிளகின் விடுபட்டால் மென்பொருள் ஓடும், படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். தரவைச் சேமிக்க உதவும் எஸ்கியூலைட் பிளகின் இல்லாவிட்டால் திரை வரும், மதிப்பெண் சேமிக்காது. எழுதியவருக்கு இது தெரிய வாரங்கள் ஆகலாம்.

இதற்கெல்லாம் கியூட்டிலேயே விண்டிப்ளாய்கியூட் என்ற கருவி இருக்கிறது. உங்கள் நிரலைக் காட்டினால் வேண்டிய டிஎல்எல்களையும் பிளகின் கோப்புறைகளையும் தானே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடும். திரையை வடிவமைக்கக் கியூட்டின் கியூஎம்எல் மொழியைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் வரும். மேக்கில் இதே வேலைக்கு மேக்டிப்ளாய்கியூட் உண்டு. பைத்தானில் எழுதுபவர்கள் பைஇன்ஸ்டாலரை வைத்து இதைச் செய்கிறார்கள். அதுவும் நிரலுக்குள் நேராகத் தெரியாத இறக்குமதிகளை, அதாவது நிரல் கூப்பிடும் வேறு லைப்ரரிகளை, தவறவிடும், அவற்றை நீங்கள்தான் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

ஒரு டிஎல்எல்லை விண்டோஸ் எங்கே தேடுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பொதுவாக முதலில் மென்பொருள் இருக்கும் கோப்புறை. அப்புறம் விண்டோஸின் சொந்தக் கோப்புறைகள். கடைசியில் பாத் என்ற பட்டியலில் இருக்கும் இடங்கள். மாணவி தன் நிரலை, அதை எழுதிய கருவியான கியூட் கிரியேட்டருக்குள்ளிருந்தே ஓட்டிப் பார்த்திருந்தார். அந்தக் கருவி கியூட் லைப்ரரிகள் இருக்கும் இடத்தைத் தானே பாத் பட்டியலில் சேர்த்துத்தான் நிரலை ஓட்டும். எனவே குறை அங்கே தெரியவே தெரியாது. வெளியே வந்து, கோப்புறையைத் திறந்து, டபுள் கிளிக் செய்து பார்க்க வேண்டும். அப்படியும் எந்தக் கோப்பு குறைகிறது என்று புரியாவிட்டால் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது. நிரல் எந்தக் கோப்பைக் கேட்டது, எங்கெல்லாம் தேடியது, எங்கே கிடைக்கவில்லை என்று வரிக்கு வரி காட்டும். பட்டியல் நீளமாக வரும், உங்கள் நிரலின் பெயரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

அடுத்தவர் கணினியில் கோப்பின் பெயர் டி என்ற எழுத்தோடு முடிந்தால், அதாவது எம்எஸ்விசிபி140டி என்று கேட்டால், அது நீங்கள் சோதனைக்காக உருவாக்கிய டீபக் பதிப்பு. அந்த டிஎல்எல்களைப் பிறருக்குக் கொடுக்க உரிமம் கிடையாது. நிரலைப் பிறருக்குக் கொடுப்பதற்கான ரிலீஸ் பதிப்பாக மறுபடி உருவாக்குவதுதான் வழி.

பள்ளி, அலுவலகக் கணினிகள் பலவற்றில் எதையும் நிறுவ நிர்வாகி அனுமதி வேண்டும். அங்கே ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட முடியாது. அப்போது தேவையான சி பிளஸ் பிளஸ் டிஎல்எல்களை மென்பொருளின் கோப்புறையிலேயே வைத்துக் கொடுக்கலாம், மைக்ரோசாஃப்ட் அதை அனுமதிக்கிறது. ஆனால் அப்படி வைத்த கோப்புகளை விண்டோஸ் புதுப்பிக்காது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்கள்தான் புதிய கோப்போடு மறுபடி கொடுக்க வேண்டும். ஆகவே முடிந்த இடத்தில் தொகுப்பை நிறுவுவதே மேல் என்பது என் கருத்து. உங்கள் நிறுவியே அதைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடும்படி செய்யலாம், ஆசிரியர் எதையும் தேடிப் போக வேண்டியிருக்காது.

தமிழ் மென்பொருளுக்கு இன்னொன்றும் கூடவே போக வேண்டும், எழுத்துரு. விண்டோஸ் 10இலிருந்து லதா எழுத்துரு எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை. தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால்தான் வரும். நிர்மலா யூஐ மட்டும் எப்போதும் இருக்கும். தமிழில் எழுதிப் பழகிய நம் கணினியில் லதா இருக்கும், நிலையத்துக் கணினியில் இருக்காது. வேறு எழுத்துரு வந்து வரிகள் நீண்டு, பொத்தானுக்கு வெளியே எழுத்து வழியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போலத் திறந்த உரிமம் உள்ள ஓர் எழுத்துருவைக் கூடவே வைத்து, நிரல் தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

லினக்ஸில் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்டிடி என்ற கட்டளை குறைவதைக் காட்டிவிடும். ஆனால் புதிய லினக்ஸில் உருவாக்கிய நிரல், லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி பழையதாக இருக்கும் கணினியில் பெரும்பாலும் ஓடாது. ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ்களில் மிகப் பழையது எதுவோ அதில் உருவாக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, எதுவும் நிறுவாத சுத்தமான கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் மென்பொருளை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டாவது கணினி வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் புரோ பதிப்பில் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி 2019இலிருந்து இருக்கிறது. திறந்தால் புத்தம் புதிய விண்டோஸ் ஒன்று வரும், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, அதற்குக் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். எதைப் பயன்படுத்தினாலும், சி பிளஸ் பிளஸ் தொகுப்பு அதில் முன்பே இருக்கிறதா என்று நிறுவப்பட்டவற்றின் பட்டியலை முதலில் பாருங்கள். இருந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. பிறகு எல்லாத் திரைகளையும் திறந்து, படம் வருகிறதா, சேமிக்கிறதா, தமிழ் எழுத்து சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். அந்த மாணவி இப்போது ஒவ்வொரு பதிப்பையும் இப்படிப் பார்த்த பிறகே நிலையத்துக்கு அனுப்புகிறார். பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள்.

மென்பொருளைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டி வந்தால் உடனே ஓகே அழுத்தாமல், கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து, எழுதிக் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.