குரலைத் தாழ்த்தியவர்: ராக்கிமின் வாழ்வும் எழுத்துக் கணக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வேகமும் உரத்த குரலும்தான். 1980களின் நடுவில் நியூயார்க்கிலும் அதுதான் நடைமுறை. ரன் டி.எம்.சி. குழுவில் ஒருவர் தொடங்கிய வரியை மற்றவர் பிடித்து உரக்க முடிப்பார். எல்.எல். கூல் ஜே மைக்கோடு மல்லுக்கு நிற்பார். தெருவிழாவிலும் நடன அரங்கிலும் கூட்டத்தின் கவனத்தைப் பிடிக்க அந்தச் சத்தம் தேவைப்பட்டது. 1986இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், நாம் வீட்டுத் திண்ணையில் பேசுகிற குரலில், அவசரமே படாமல் ராப் செய்து இசைத்தட்டு வெளியிட்டார். அவர்தான் ராக்கிம். அவர் குரலைத் தாழ்த்தியதை வெறும் பாணி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் எழுதிய வரிகளை வேறு குரலில் சொல்லவே முடியாது. இந்த ஒன்றை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இயற்பெயர் வில்லியம் மைக்கேல் கிரிஃபின். பிறந்தது 1968 ஜனவரி 28. வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள வயண்டான்ச். இசைக் குடும்பம். புகழ்பெற்ற ரிதம் அண்டு புளூஸ் பாடகி ரூத் பிரவுன் அவருக்கு நெருங்கிய உறவு. பள்ளியில் ராக்கிம் சாக்ஸஃபோன் வாசித்தார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பை உட்கார்ந்து கேட்டு, அந்த ஸ்வர அடுக்கைச் சொற்களில் கொண்டுவர முயன்றதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதின்பருவத்தில், இஸ்லாமியத் தாக்கம் கொண்ட அமெரிக்கக் கறுப்பின இயக்கமான 'ஃபைவ் பர்சென்ட் நேஷன்' இயக்கத்தில் சேர்ந்து ராக்கிம் அல்லா என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த இயக்கத்தின் எண் தத்துவம் அவர் வரிகள் முழுக்க ஓடுகிறது.

1985இல், டபிள்யூ.பி.எல்.எஸ். வானொலியில் வேலை பார்த்துவந்த எரிக் பி. என்ற டி.ஜே. இவரைத் தேடி வந்தார். நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் வைத்திருந்த வீட்டு ஸ்டுடியோவில் முதல் பதிவு நடந்தது. ராக்கிம் சோபாவில் உட்கார்ந்தபடியே வரிகளைச் சொன்னார். மார்லி மார்லுக்கும் அங்கிருந்த ராப்பர் எம்.சி. ஷானுக்கும் அது பிடிபடவில்லை. இன்னும் துடிப்பாக, உரக்கச் சொல்லச் சொன்னார்கள். ராக்கிம் இசையவில்லை. அப்படிப் பதிவானதுதான் 'எரிக் பி. இஸ் பிரசிடென்ட்'. இசைத்தட்டின் மறுபக்கம் 'மை மெலடி'.

அவர் ஏன் இசையவில்லை? கணக்கைப் பார்ப்போம். ராப்பில் ஒரு பார் என்பது நான்கு பீட், அதாவது நான்கு தாள அடி. ஒவ்வொரு பீட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்குப் பதினாறு கட்டங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் சரியாக 2.5 விநாடி. வழக்கமான பதினாறு பார் பகுதி 40 விநாடியில் முடிந்துவிடும். ராக்கிமுக்கு முன்னால் பெரும்பாலோர் ஒரு பாரில் ஒரு வாக்கியம் சொல்லி, நான்காவது பீட்டில் இயைபை, அதாவது ஒத்து ஒலிக்கும் சொல்லை, வைத்து, அங்கேயே மூச்சு வாங்குவார்கள். அடுத்த இயைபு எங்கே விழும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ராக்கிம் தாளில் முதலில் புள்ளிகளை வைத்துக்கொண்டு, நான்கு பாரையும் ஒரு வரைபடமாகப் பார்த்து, இன்னொரு சொல்லை நுழைக்க இடமில்லை என்னும் அளவுக்கு அசைகளை நிரப்பினார்.

நம் மொழியில் ஒரு மாதிரி சொல்கிறேன். பழைய முறையில் எழுதினால் இப்படி வரும்: "மைக்கைக் கையில் எடுத்து நின்றேன், எதிர்த்து வந்த எல்லோரையும் வென்றேன்." இயைபு இரண்டே இடத்தில், இரண்டும் வரிக் கடைசியில். ராக்கிம் முறையில் எழுதினால்: "கையில் உளி, நாவில் ஒலி, கல்லாய்க் கிடந்த மொழி / விழித்தது, வழி தேடி அலைந்தவர் செவி வழி / நுழைந்தது." ஒரே ஓசை ஆறு இடங்களில் விழுகிறது. வரி முடிந்தும் வாக்கியம் முடியவில்லை. "விழித்தது" என்ற வினை அடுத்த பாரின் தலையில் போய் உட்காருகிறது. கேட்பவர் காது அதைத் துரத்தியே ஆக வேண்டும்.

இதை எழுதுவதைவிடச் சொல்வது கடினம். வாக்கியம் பாரைத் தாண்டி ஓடினால், வழக்கமாக மூச்சு வாங்கும் இடம் பறிபோய்விடும். சட்டென்று வாங்கும் மூச்சுக்குக்கூடக் கால் விநாடிக்கு மேல் ஆகும். 96 வேகத்தில் ஒரு கட்டம் 0.16 விநாடிதான், ஆக ஒரு மூச்சுக்கு இரண்டு கட்டங்களாவது காலியாக இருக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பதினாறு கட்டத்தையும் சொல்லால் அடைத்துவிட்டு, எட்டாவது பாரில் மூச்சு முட்டி, அடுத்த பாரின் முதல் சொல்லை விழுங்குவார்கள். ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டிவிடலாம். மேடையில் உடனே குட்டு வெளிப்படும். எழுதும்போதே மூச்சு விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வரியின் நடுவில் இரண்டு கட்டம் விட்டுவைப்பதுதான் வழி.

உரக்கக் கத்தினால் காற்று வேகமாகத் தீரும். மெய்யெழுத்துகளும் ஒன்றோடொன்று குழம்பும். தாழ்ந்த குரலில் அதே காற்றைக் கொண்டு இன்னும் பல அசைகளைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஸ்டுடியோவில் அன்று ராக்கிம் உரக்கச் சொல்லியிருந்தால் உள் இயைபுகளில் பாதி காதில் விழுந்திருக்காது. தாழ்ந்த குரலுக்கும் தனிச் சிக்கல் உண்டு. மைக்குக்கு மிக நெருங்கினால் அடித்தொனி வீங்கி, பகரம் வரும்போதெல்லாம் காற்று வெடிக்கும். விலகி நின்றுகொண்டு ஒலியளவைக் கூட்டினாலோ அறையின் இரைச்சலும் கூடவே ஏறும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் காற்று வெடிப்பைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் ஒன்று என்பது நல்ல தொடக்கம்.

1987 ஜூலையில் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பம் வந்தது. பத்துத் தடங்கள், அவற்றில் மூன்று எரிக் பி.யின் டி.ஜே. தடங்கள். தலைப்புப் பாட்டில் ராக்கிமுக்கு ஒரே ஒரு பகுதிதான், காலிச் சட்டைப்பையோடு வேலைக்கு அலையும் ஒருவனின் யோசனை. லண்டனின் கோல்ட்கட் இரட்டையர் அதற்குச் செய்த ரீமிக்ஸில் இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாசாவின் குரலைச் சேர்த்தார்கள். ஐரோப்பா முழுக்க அது ஒலித்தது. 1988, 1990, 1992 என்று மேலும் மூன்று ஆல்பங்கள். எழுத்தின் உச்சம் என்று நான் சொல்வது 1988இல் வந்த 'ஃபாலோ தி லீடர்' ஆல்பத்தைத்தான்.

அதன்பின் ஒப்பந்தச் சண்டை. இருவருக்குமே தனி ஆல்பம் செய்யும் எண்ணம் இருந்தது. இசை நிறுவனத்திலிருந்து விடுவிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ராக்கிம் போய்விடுவார் என்று எரிக் பி. அஞ்சினார்; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1997இல் 'தி எய்ட்டீன்த் லெட்டர்' வரும்வரை ராக்கிமிடமிருந்து ஆல்பமே இல்லை. நாஸ், வூ-டாங் கிளான், ஜே-ஸி எல்லோரும் எழுந்து வந்த காலம் அது. அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்துகொண்டிருந்தபோது அவர் குரல் மட்டும் அங்கே இல்லை. ராப் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடைவெளி இது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ராப் தயாரிப்பாளர் டாக்டர் டிரேயின் ஆஃப்டர்மாத் இசை நிறுவனத்தில் சேர்ந்தார். எதைப் பற்றி எழுதுவது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆல்பம் வெளிவராமலே 2003இல் விலகினார்.

அந்த ஆண்டுகளில் மிஞ்சிய ஒரு பாட்டுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 2002இல் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய 'அடிக்டிவ்' பாட்டில் ராக்கிம் ஒரு பகுதி செய்தார். அதன் அடியில் ஓடுவது 1981இல் வந்த 'ஜோதி' என்ற இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய 'தோடா ரேஷம் லக்தா ஹை'. தயாரித்தவர் டி.ஜே. க்விக். அனுமதி பெறவில்லை, பெயரும் போடவில்லை. பப்பி லஹிரி அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். அவர் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சாம்பிள், அதாவது பழைய பதிவின் துண்டு, எடுக்கிறவர்கள் இசையமைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமை வாங்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் சிக்கல்தான்.

2009இல் 'தி செவன்த் சீல்' வந்தது. முதல் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டில், 2017 ஜூலை 7 அன்று, ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் எரிக் பி.யும் ராக்கிமும் மீண்டும் ஒன்றாக மேடையேறினார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் 'மைக்ரோஃபோன் ஃபீண்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஸ்னேர் டிரம்மின் அடியை மட்டும் கைதட்டிப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை, அந்தத் தட்டில் விழாத இயைபுகளை எண்ணுங்கள். மூன்றாம் தடவை அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேடுங்கள். பெரும்பாலும் வரிக் கடைசியில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.