தினமும் எழுதுங்க, தினமும் பப்ளிஷ் பண்ணாதீங்க

(திரையில் ஒரு காலண்டர். மாசத்தோட முதல் வாரம் முழுக்க டிக். அதுக்கப்புறம் எல்லாக் கட்டமும் காலி.)

இதப் பாத்ததும் "அட, நம்ம பிளாக் மாதிரியே இருக்கே"ன்னு தோணுதா? நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகுது. முதல் வாரம் தினமும் ஒரு போஸ்ட், உற்சாகத்துல சில நாள் ரெண்டு கூட, அப்புறம் ஒரு நாள் வேலை ஜாஸ்தி, மறுநாள் தலைவலி, அதுக்கு அடுத்த நாள் உக்காந்தா என்ன எழுதுறதுன்னே தெரியல, அவ்ளோதான், பிளாக் தூங்கிடும். ரொம்ப நாள் கழிச்சு வந்து "மன்னிச்சுக்கோங்க, இனிமே தொடர்ந்து எழுதுவேன்"னு ஒரு போஸ்ட் போடுவாங்க. பெரும்பாலும் அந்த பிளாக்ல அதுதான் கடைசி போஸ்ட்.

இதுக்கு சோம்பேறித்தனம்தான் காரணம்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. எழுதுறது வேற, வெளியிடுறது வேற. இந்த ரெண்டையும் ஒரே வேலைன்னு நெனச்சு ஒரே ராத்திரில முடிக்கப் பாக்குறோம், அங்கதான் மாட்டிக்கிறோம். விஷயம் யோசிக்கணும், எழுதணும், திருத்தணும், தலைப்பு வைக்கணும், படம் தேடணும், பப்ளிஷ் பண்ணணும், நாலு இடத்துல ஷேர் பண்ணணும், அப்புறம் எத்தன பேரு பாத்தாங்கன்னு எட்டி எட்டிப் பாக்கணும். பகல் முழுக்க வேற வேல பாத்துட்டு வந்த மனுஷன் இதெல்லாம் தினமும் எங்க செய்ய? பழக்கமாக்க வேண்டியது இதுல ஒண்ணே ஒண்ணுதான். தினமும் உக்காந்து கொஞ்சம் எழுதுறது. மிச்சத்த வேற நாளைக்குத் தள்ளிடலாம், எப்படின்னு கடைசில சொல்றேன்.

(திரையில் பெரிசா: 21)

முதல்ல இந்த நம்பர தூக்கி ஓரமா வெச்சிருவோம். "21 நாள் விடாம செஞ்சா அது பழக்கமாயிடும்"னு எல்லா மோட்டிவேஷன் வீடியோலயும் வரும். இது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல ஒரு புத்தகம் எழுதினார், ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு தன்னோட புது முகம் பழகவே குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அதுல சொல்லியிருந்தார். கேட்டவங்க அதுலேர்ந்த "குறைஞ்சது"ங்கிறத கழட்டிட்டாங்க, முகத்தையும் கழட்டிட்டாங்க, நம்பர் மட்டும் ஊர் சுத்துது.

நெஜமாவே இத அளந்து பாத்தது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல, பிலிப்பா லாலியும் அவங்க குழுவும். 96 பேரு, 84 நாள். சாப்பாடு, தண்ணி, உடற்பயிற்சி சம்பந்தமா ஆளுக்கு ஒரு சின்ன வேலய தேர்ந்தெடுத்து தினமும் செய்யணும். அது தானா நடக்குற அளவுக்கு வர்றதுக்கு ஆன நாள், நடுவுல பாத்தா 66. ஆனா ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254 (ஆய்வே 84 நாள்தானே, அதனால அந்த 254 கணக்குப் போட்டுச் சொன்னது). தண்ணி குடிக்கிற மாதிரி ஈஸியான வேலை சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, உடற்பயிற்சிக்கு ரொம்ப நாள் ஆச்சு. எழுதுறது இதுல எந்தப் பக்கம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதனால நாலாவது வாரம் இன்னும் கஷ்டமா இருந்தா உங்ககிட்ட ஏதோ கோளாறுன்னு நெனைக்காதீங்க. அதே ஆய்வுல இன்னொரு நல்ல சேதியும் இருக்கு: ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் பெரிசா பாதிக்கல.

இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, காலண்டர்ல தினமும் ஒரு குறி போடு, சங்கிலி அறுந்துடக் கூடாதுன்னு ஒரு முறை இருக்கு, ஜெர்ரி சைன்ஃபெல்டுங்கிற அமெரிக்க காமெடி நடிகர் பேர்ல சுத்துற முறை. (அவரே அது என்னோடது இல்லன்னு சொல்லிட்டார், அது வேற விஷயம்.) சங்கிலி அறுந்த அன்னிக்கு நம்ம மனசு என்ன சொல்லும்? "அதான் போச்சே, இனிமே என்ன"ன்னு. ஒரு நாள் விட்டது பத்து நாள் ஆகுறது அப்படித்தான். இதுக்கு, இடைவெளிய முன்னாடியே திட்டத்துல வெச்சுக்கிட்டா நல்லது. ஜெயமோகன் தன்னோட இணையதளத்துல 2014 ஜனவரி 1ல ஆரம்பிச்சு 2020 ஜூலை வரைக்கும் மகாபாரதத்த தினம் ஒரு அத்தியாயமா எழுதினார்ல, மொத்தம் 26 நாவல், அதுலயே ஒரு நாவலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி விட்டுத்தான் எழுதினார். அவருக்கே தேவைப்பட்டுச்சு, நமக்கு வாரத்துல ஒரு நாள் லீவு விட்டா ஒண்ணும் குடி முழுகிடாது.

(திரையில் மூணு நாற்காலி.)

சரி, இப்ப பெரிய பிரச்சனைக்கு வருவோம். "உக்காரலாம்ங்க, ஆனா எழுத விஷயம் வரணுமே?"

1983ல ராபர்ட் பாய்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதையே சோதிச்சுப் பாத்தார். எழுத முடியாம திணறிட்டிருந்த 27 கல்லூரி ஆசிரியர்கள மூணு குழுவா பிரிச்சார். முதல் குழு, ரொம்ப அவசரம்னா தவிர எழுதவே கூடாது. ரெண்டாவது குழு, நேரம் ஒதுக்கி வெச்சுக்கலாம், ஆனா மூடு வந்தா எழுதினா போதும். மூணாவது குழுவுக்குத்தான் சனி. மூடு இருக்கோ இல்லையோ குறிச்ச நேரத்துல எழுதியே ஆகணும், இல்லன்னா அவங்களுக்கு சுத்தமா பிடிக்காத ஒரு அமைப்புக்கு அவங்க காசு போயிடும்! முடிவு என்னன்னா முதல் குழு நாளுக்கு சராசரியா 0.2 பக்கம், மூடு குழு 0.9, கட்டாயக் குழு 3.2 பக்கம். இது எதிர்பாத்ததுதான், மிரட்டினா பக்கம் கூடத்தான் செய்யும். ஆனா புது யோசனை எத்தன வந்துச்சுன்னும் குறிச்சு வெக்க சொல்லியிருந்தார். எழுதாம இருந்தவங்களுக்கு அஞ்சு நாளைக்கு ஒண்ணு, மூடுக்கு காத்திருந்தவங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒண்ணு, கட்டாயமா எழுதினவங்களுக்கு கிட்டத்தட்ட தினமும் ஒண்ணு.

சின்ன ஆய்வுதான், 27 பேர வெச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா தொடர்ந்து எழுதுறவங்க யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க, யோசனை வந்து எழுத உக்காரல, உக்காந்ததால யோசனை வந்துச்சு. ஒண்ண எழுதும்போது அதுல அடங்காத இன்னொண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், அத அப்பவே கீழ ஒரு வரி குறிச்சு வெச்சா நாளைக்கு விஷயம் ரெடி.

எப்ப உக்காரணும்? "தினமும் எழுதுவேன்"னு மொட்டையா முடிவு பண்ணாதீங்க, அது நடக்காது. "காலைல காபி டம்ளர கீழ வெச்சதும் லேப்டாப்ப தொறப்பேன்"னு ஏற்கெனவே நடக்குற ஒரு வேலையோட கோத்து விடுங்க. எப்ப, எங்க, எதுக்கு அப்புறம்னு குறிச்சு முடிவு பண்றவங்க சொன்னத செய்ய வாய்ப்பு அதிகம்னு பீட்டர் கோல்விட்ஸர்ங்கிற உளவியலாளரோட ஆராய்ச்சிகள் சொல்லுது.

எவ்ளோ நேரம்? ஆரம்பத்துல 15 நிமிஷம் தாராளம். ஆன்டனி டிராலப்னு பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து நாவலாசிரியர், தபால் துறைல வேல பாத்துக்கிட்டே காலைல அஞ்சரைக்கு உக்காந்து, வாட்ச்ச முன்னாடி வெச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதினவர், 47 நாவல் வந்துச்சு. நமக்கு 250 எல்லாம் வேணாம், நூறு வந்தாலே அன்னிக்கு கணக்கு முடிஞ்சுது. அப்புறம் ஒண்ணு, மொத்தத்தையும் காலி பண்ணிட்டு எந்திரிக்காதீங்க. அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியிற இடத்துலயே நிறுத்திடணும்னு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொல்வார். மறுநாள் வெறும் பக்கத்த வெறிச்சுப் பாக்குற அவஸ்தை இருக்காது.

(திரையில் டிராஃப்ட் பட்டியல்.)

இப்ப அந்த வெளியிடுற வேலை. வாரத்துல ஆறு நாள் எழுதினா டிராஃப்ட்ல துண்டு துண்டா ஏதேதோ கிடக்கும். அதுல பாதி உருப்படாது, அது அப்படித்தான், கவலப்படாதீங்க. வாரத்துல ஏதாவது ஒரு நாள் உக்காந்து தேறுறத மட்டும் எடுத்து திருத்தி, தலைப்பு வெச்சு, ஷெட்யூல் பண்ணிடுங்க. வேர்ட்பிரஸ், பிளாகர் ரெண்டுலயும் தேதி நேரம் குறிச்சு வெச்சா அதுவே போஸ்ட் போட்டுக்கும். கையில மூணு நாலு போஸ்ட் ஸ்டாக் இருந்தா, காய்ச்சல்ல படுத்தாலும் பிளாக் ஓடும். பிளாக்ல தினமும் போஸ்ட் வரணும்னு ஆசைன்னா கூட முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஸ்டாக் சேத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க. எழுதின அன்னிக்கே திருத்தாம நாலு நாள் கழிச்சுப் பாத்தா, எந்த வரி வளவளன்னு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

வியூஸ் பாக்குறதையும் அதே நாளைக்குத் தள்ளுங்க. எழுத உக்காரும்போது அந்தப் பக்கத்த தொறந்தா 15 நிமிஷம் அங்கயே போயிடும், அதுவும் நேத்து போஸ்ட்ட யாரும் பாக்கலன்னு தெரிஞ்சிட்டா அன்னிக்கு ஒரு வரி ஓடாது.

ரெண்டு மாசம் இப்படி ஓட்டிட்டு டிராஃப்ட்ட எல்லாம் ஒருதரம் வரிசையா படிச்சுப் பாருங்க, எந்த விஷயத்துக்கு நீங்க திரும்பத் திரும்பப் போறீங்கன்னு தெரியும். பிளாக் எதப் பத்தினதுன்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம், ஆரம்பிக்கும்போதே அதுக்கு மண்டைய உடைச்சுக்க வேணாம்.