மாரடைப்புக்குப் பிறகு: எம்.ஆர்.ஐ.யில் தெரியும் இதயத் தசை

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் எக்கோ (ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அறிக்கையில், இதயத்தின் ஒரு பகுதி அசையவில்லை என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் இடிந்துபோகிறார்கள். அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல. ரத்தம் குறைந்து சோர்ந்து நிற்கும் தசை, அடைப்பு நீங்கினால் மறுபடி சுருங்கக்கூடும். தழும்பாகிவிட்டது திரும்பாது. இரண்டையும் எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும்.

இதற்குக் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தைக் கை வழியாக ஏற்றுவார்கள். அளவு, கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல். 60 கிலோ எடைக்கு, அரை மோலார் (மில்லிக்கு அரை மில்லிமோல்) மருந்தென்றால் 12 முதல் 24 மில்லி. உயிருள்ள செல்லுக்குள் இது நுழையாது, நல்ல தசையை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். செல் சிதைந்த இடத்திலும் தழும்பிலும் தேங்கி நிற்கும். 10 முதல் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல தசை கறுப்பு, தழும்பு வெள்ளை.

பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். கருவி ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்த பிறகு, நல்ல தசையின் சிக்னல் பூஜ்யமாகும் நேரத்தில் படம் பிடிக்க வேண்டும். 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் அது துடிப்பிலிருந்து சுமார் 200 முதல் 350 மில்லிசெகண்ட். மருந்து வெளியேற வெளியேற இந்த நேரம் நீளும்; நடுவில் திருத்தாவிட்டால் நல்ல தசை வெளுத்து, தழும்பு மங்கிவிடும்.

ரத்தக் குறைவால் வரும் தழும்பு உட்சுவரில் தொடங்கி வெளியே பரவும். சுவரின் கனத்தில் கால்பங்குக்குள் இருந்தால் தசை மறுபடி சுருங்கும் என்ற நம்பிக்கை அதிகம். பாதியைத் தாண்டினால் குறைவு. உட்சுவரை விட்டுவிட்டு நடுவிலோ வெளிப்புறத்திலோ மட்டும் வெள்ளை தெரிந்தால், இதயத் தசை அழற்சி போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். புதிய மாரடைப்பில் வெள்ளைக்கு நடுவே கறுப்புத் திட்டு இருந்தால் கவலைக்குரியது: பெரிய குழாயை ஸ்டென்ட் (அடைப்பில் வைக்கும் வலைக்குழாய்) திறந்துவிட்டாலும் நுண்குழாய்களில் ரத்தம் ஓடவில்லை.

ரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து ரத்த ஓட்டம் பார்ப்பதாக இருந்தால் அதற்கு முந்தைய 24 மணி நேரம் டீ, காபி, கோலா, சாக்லேட் கூடாது. பண்ருட்டியிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறுபவர்கள் பஸ் ஸ்டாண்ட் டீயையும் தவிர்க்க வேண்டும். இவற்றில் உள்ள காஃபீன் அந்த மருந்தைத் தடுத்து, உண்மையான குறைபாட்டை மறைத்துவிடும். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

மூச்சை வெளியே விட்டு 10, 15 நொடி அடக்கிப் பழகிவிட்டு வாருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். இதய ஸ்டென்ட் பொதுவாகத் தடையல்ல. நெஞ்சுவலி வந்த நேரத்தில் மட்டும் இந்த ஸ்கேனைத் தேடிப் போகாதீர்கள்; அப்போது உடனே இ.சி.ஜி. எடுத்து அடைப்பை நீக்குவதுதான் வேலை.