விடுமுறையில் திடீர்க் காதல்: அந்த ஆடும் பாலத்தில் என்ன நடந்தது?

(திரையில்: ஜிப் மூட முடியாமல் பிதுங்கும் ஒரு பயணப் பெட்டி)

ஊருக்குக் கிளம்பும்போது சார்ஜர், பிரஷ், மாத்திரை என்று எல்லாவற்றையும் எண்ணி எண்ணிப் பெட்டியில் வைத்தீர்கள். திரும்பும்போது கணக்கில் வராத ஒன்று கூடவே வந்துவிட்டது. ஒரு முகம். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத காதல், பத்து நாள் விடுமுறையில் எப்படி வந்து நின்றது?

வணக்கம்! இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம். இப்போதே யாரையோ நினைத்துச் சிரிப்பவர்கள் ஒரு லைக் போட்டுவிடுங்கள், வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் பாடப்புத்தக விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒரு முகத்தை அடிக்கடி பார்த்தாலே அது பிடித்துப்போகும் என்று உளவியலில் ஒரு பழைய கருத்து உண்டு. அலுவலகக் காதலுக்கு அது சரி. மூன்று நாள் முன்னால்வரை யாரென்றே தெரியாத ஆளுக்கு? சரிவராது. ஆகவே, பாலத்துக்குப் போவோம்.

(திரையில்: ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் தொங்குபாலம்)

கனடாவில் வான்கூவர் நகருக்கு அருகில் இருக்கிறது கப்பிலானோ தொங்குபாலம். நீளம் 450 அடி, அகலம் வெறும் 5 அடி, கீழே 230 அடி பள்ளம். காலை வைத்தால் ஆடும். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக்குக் களம் இதுதான்.

பாலத்தில் வரும் ஆண்களை ஓர் அழகான பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டி, சின்னக் கதை ஒன்று எழுதச் சொல்வார். முடிந்ததும் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதிக் கொடுப்பார். 'ஆய்வைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்.' இதே வேலை அருகில் ஆடாத, தாழ்வான ஒரு மரப்பாலத்திலும் நடந்தது.

ஆடாத பாலத்தில் நம்பர் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டது 2 பேர். ஆடும் பாலத்தில் 18 பேரில் 9 பேர்! ஆய்வைப் பற்றி அவ்வளவு சந்தேகம்!

எனக்கு மிகவும் பிடித்த விவரம் இனிமேல்தான். அந்தப் பெண் இரண்டு பாலத்திலும் வெவ்வேறு பெயர் சொன்னார். போனில் எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பதை வைத்தே, பேசுபவர் எந்தப் பாலத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். பாவம், இல்லாத பெயரை நினைத்து எத்தனை பேர் இரவெல்லாம் புரண்டார்களோ!

விஷயம் இதுதான். நெஞ்சு படபடக்கிறது. பள்ளத்தாக்கு காரணமா, எதிரில் நிற்கிறவர் காரணமா? மூளை அவசரத்தில் எதிரில் நிற்கிறவர் பெயரில் பில் போட்டுவிடுகிறது.

விடுமுறையை இப்போது யோசியுங்கள். தவறவிடப் பார்த்த ரயில், வழி தெரியாத தெரு, மூச்சு வாங்கும் மலையேற்றம், நள்ளிரவுக் கூட்டம். பத்து நாளும் ஆடும் பாலம்தான்.

அதற்காக யாரைப் பார்த்தாலும் காதல் வந்துவிடாது. 1981-இல் வந்த ஓர் ஆய்வில் ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். 2 நிமிடம் ஓடியவர்களுக்கு, 15 வினாடி மட்டும் ஓடியவர்களைவிட, அழகாகத் தெரிந்த பெண்ணை இன்னும் பிடித்தது. அழகற்றவராகத் தோன்றும்படி ஒப்பனை செய்திருந்தால், இன்னும் பிடிக்காமல் போனது. படபடப்பு ஒரு ஒலிபெருக்கி மாதிரி. பாட்டு உங்களுடையதுதான்.

இன்னொரு காரணம், நேரம். மனம் விட்டுப் பேச விடுமுறையில்தான் நேரம் கிடைக்கிறது. அதே ஆரன் 1997-இல், முன்பின் தெரியாத இருவரை 36 கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கவைத்து, முக்கால் மணி நேரத்தில் நெருக்கத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார். தாமதமான ரயிலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு முக்கால் மணி நேரமெல்லாம் ஒரு நேரமா?

'துணிச்சலான ஆட்கள்தானே ஆடும் பாலத்துக்கே போவார்கள், அவர்கள் போன் பண்ணத்தான் செய்வார்கள்' என்று கமெண்ட் எழுதப் போனவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதே பாலத்தைக் கடந்து, பத்து நிமிடமாவது ஆன ஆட்களைப் பக்கத்துப் பூங்காவில் பிடித்தார்கள். அதே துணிச்சல்காரர்கள், ஆனால் மூச்சு அடங்கிவிட்டது. இந்த இரண்டாவது சுற்றில் பாலத்தின் மேல் 20-க்கு 13 பேர் கூப்பிட்டார்கள். பூங்காவில் 23-க்கு 7 பேர்தான்.

அந்த 7 பேர்மேல்தான் எனக்கு மரியாதை. ஊர் திரும்பி, அழுக்குத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகும் ஒருவருக்கு போன் போடத் தோன்றினால், போட்டுவிடுங்கள் என்பேன்.

(திரையில்: கொடியில் காயும் துணிகள், பக்கத்தில் ஒரு போன்)

உங்கள் கதையைக் கமெண்டில் எழுதுங்கள். உண்மைப் பெயர் மட்டும் வேண்டாம். பாலத்துக்கு ஒரு பெயராக மாற்றிச் சொல்லுங்கள், போதும்.