நாள் முழுக்க கிளாஸ் எடுப்பவர் வெயிட் தூக்குவது எப்போது?

[திரையில்: விடியற்காலை, ஸ்டூடியோ நிறைய ஆட்கள் குதிக்கிறார்கள்]

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கும் ஒரு ஃபிட்னஸ் இன்ஸ்ட்ரக்டர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இந்திராநகரில் கிளாஸ். சாயங்காலம், ஆபீஸ் விட்டு வருபவர்களுக்காக கோரமங்களாவில் கிளாஸ். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகிவிடும். இவ்வளவு வியர்த்தும் போன வருஷம் போட்ட ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) எடை இந்த வருஷம் ஏறவில்லை. ஏன்?

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சனுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. வெயிட் தூக்கிப் பழகியவர் அவர். தன் பேராசிரியரோடு சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் பலம் குறைவதைக் கவனித்தார். பிறகு அதையே சோதனையாகச் செய்து 1980-இல் வெளியிட்டார். ஒரு குழு வெயிட் மட்டும் தூக்கியது, இன்னொன்று ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்தது, மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. மொத்தம் 10 வாரம். முதல் ஏழெட்டு வாரம் மூன்றாவது குழுவுக்கும் பலம் ஏறியது. அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்தது. அவர்கள் செய்த கார்டியோ, வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம். நம் இன்ஸ்ட்ரக்டரின் வாரத்தைக் கூட்டிப் பாருங்கள், நிமிடக் கணக்கில் அதையும் தாண்டும்.

சரி, கிளாஸைக் குறைக்கலாமே என்றால், வீட்டு வாடகையை யார் கட்டுவது?

[திரையில்: மெலிந்த தட்டுகள் மாட்டிய பார்பெல்]

கிளாஸை வொர்க்அவுட் கணக்கில் எழுதாதீர்கள், களைப்புக் கணக்கில் எழுதுங்கள். பார்பெல் கிளாஸுக்கும் இதுதான். ஒரு பாட்டு முடியும்வரை விடாமல் ஸ்குவாட் போட வேண்டுமென்றால் கம்பியில் எடை குறைவாகத்தான் இருக்கும். அது தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்கும். பலம் கூட, ஐந்தாறு தடவைக்கு மேல் சிரமப்படுகிற எடை வேண்டும், செட்டுக்கு நடுவே மூன்று நிமிட ஓய்வும் வேண்டும். கிளாஸில் மூன்று நிமிடம் சும்மா நின்றால் கம்ப்ளெயிண்ட் வந்துவிடும்!

வாரம் இரண்டு தடவை போதும், தலா முக்கால் மணி நேரம். முதல் செஷனில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. இரண்டாவதில் டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ், புல்-அப். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை. இன்னும் இரண்டு ரெப் போட முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள், சாயங்காலம் மைக்கை மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியிருக்கிறது.

நேரம்? காலை கிளாஸ் கூட்டம் கலைந்த பிறகு, பத்து பதினொரு மணிக்கு. அப்போது ஸ்குவாட் ராக் பெரும்பாலும் காலியாக இருக்கும். நடுவில் சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தொடங்குங்கள். தர்ஷினியில், அதாவது நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டலில், இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டால் நாலைந்து கிராம் புரதம்தான் கிடைக்கும், கூட முட்டையோ தயிரோ பனீரோ இருக்கட்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது ஒரு நாளைக்கு நல்ல இலக்கு. 60 கிலோ என்றால் 96 கிராம்.

எந்த நாளில் தூக்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். ஸ்பின் கிளாஸ் (நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிப்பது) இல்லாத லேசான நாள் கிடைத்ததும் அதில் ஸ்குவாட்டைச் சொருகிவிடுவார்கள். அப்புறம் கால்களுக்கு ஓய்வு நாளே மிஞ்சாது. கடினமான நாளோடு கடினமானதைச் சேர்த்துவிடுங்கள், சாயங்கால ஸ்பின்னுக்கு முன் ஆறேழு மணி நேரம் இடைவெளி விட்டு. மறுநாள் யோகாவோ ஸ்ட்ரெட்சிங் கிளாஸோ வருகிற மாதிரி அமைந்தால் இன்னும் நல்லது.

[திரையில்: இரவு 10 மணி, வாட்ஸ்அப் குரூப்]

"நாளைக்கு 6 மணி கிளாஸ் யாராவது எடுக்க முடியுமா?" இந்த ஒரு மெசேஜ் போதும், போட்ட அட்டவணை போச்சு. அதனால் செஷனைக் கிழமையோடு கட்டாதீர்கள், வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது முடிந்தால் அடுத்தது இரண்டாவது, அது செவ்வாயோ வியாழனோ.

கிளாஸிலும் உடம்பை மிச்சம் பிடிக்கலாம். எல்லா ரெப்பையும் நீங்களே போட வேண்டியதில்லை. நாலைந்து செய்து காட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கி நடங்கள். "ஒந்து, எரடு" என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டே பின்வரிசையில் வளைந்திருக்கும் முதுகுகளைத் திருத்துங்கள். பணம் கட்டியவர்களுக்கும் அதுதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

ஜனவரி வேறு கதை. புத்தாண்டுத் தீர்மானக் கூட்டம் வரும், கிளாஸ் எண்ணிக்கை எகிறும். அந்த மாதம் வாரம் ஒரே ஒரு செஷன், எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் குறைத்துச் செய்யுங்கள். ஏற்கனவே சேர்த்த பலம் அதிலேயே நிற்கும். பிப்ரவரியில் கூட்டம் வடிந்ததும் பழைய இரண்டு செஷனுக்குத் திரும்பலாம், முதல் வாரம் மட்டும் செட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி.